ஆள்: அரசனும் வேலைக்காரனும் ஒரே சொல்லில்

"பையன் படித்து ஆளாகிவிட்டான்" என்றால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "பையன் பழிக்கு ஆளாகிவிட்டான்" என்றால் வீடே இடிந்துபோகும். இரண்டு வாக்கியத்திலும் இருப்பது அதே 'ஆள்', அதே 'ஆகு'. முதல் வாக்கியத்துப் பையன் இனி யார் தயவும் இல்லாமல் தன் காலில் நிற்பான். இரண்டாவது வாக்கியத்தில் அவன் பழிக்கு அடிமை. அது சொன்னபடி அவன் ஆடவேண்டும். எப்படி ஒரே சொல் இப்படி இரண்டு பக்கமும் போய் நிற்கிறது?

தமிழில் ஆட்சி பற்றிய சொற்களை எடுத்துவைத்துப் பார்த்தால் இந்த இரட்டைத்தனம் எங்கும் தென்படும். ஆண்டவன், ஆண்டான், ஆண்டை, ஆளுநர், ஆட்சியர் எல்லாம் மேலே இருப்பவர்கள். வேலையாள், கூலியாள், கையாள், அடியாள், பண்ணையாள் எல்லாம் கீழே இருப்பவர்கள். மேலே இருப்பவர்களுக்கு 'ஆள்' வினைச்சொல், அவர்கள் ஆள்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு அது பெயர்ச்சொல். அவர்கள் வெறும் ஆள்கள். நடுவில், மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், 'பத்து ஆள் வந்தார்கள்' என்கிறபோது அது வெறுமனே தலைக்கணக்கு. "அவ என் ஆளு" என்று இளைஞர்கள் சொல்லும்போது யார் ஆள்பவர், யார் ஆளப்படுபவர் என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒலிக்கணக்கைச் சரிபார்த்துவிடலாம். 'ஆட்சி' என்ற சொல்லைப் பார்த்தவுடன் அதற்குள் 'ஆள்' இருப்பது தெரியாது. ஆனால் மீள் - மீட்சி, நீள் - நீட்சி என்று பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்: ள் என்பது சகரத்துக்கு முன் ட் ஆகிறது. இறந்தகாலத்தில் மீள் - மீண்டான், மாள் - மாண்டான். அதே வழியில் ஆள் - ஆண்டான். மகரத்துக்கு முன் ள் என்பது ண் ஆகும்: கேள் - கேண்மை, நாள் + மலர் - நாண்மலர். அப்படியானால் ஆள் + மை என்ன ஆகும்? ஆண்மை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

ஒலி ஒத்துப்போவதால் உறவுக்காரர் போலத் தோன்றும் சில சொற்களை வெளியே அனுப்பிவிடவும் வேண்டும். ஆட்சேபம் வடமொழி ஆக்ஷேபத்திலிருந்து வந்தது. ஆட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'ஆண்டு' என்ற காலப்பெயர் இன்னும் நன்றாக ஏமாற்றும். அரசர்கள் ஆண்ட கணக்கை வைத்துத்தானே பழைய கல்வெட்டுகள் வருடம் சொல்கின்றன, ஆகவே ஆண்டதால் ஆண்டு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதே கல்வெட்டுகளிலேயே மறுப்பும் இருக்கிறது. அங்கே அந்தச் சொல் 'யாண்டு' என்று வெட்டப்பட்டிருக்கும். யாறு ஆறானது போல யாண்டு ஆண்டானது. 'ஆண்ட' என்ற வினையை யாரும் 'யாண்ட' என்று எழுதியதில்லை.

ஆனால் இந்த யகரம் வேறொரு இடத்தில் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. தமிழில் யா என்று தொடங்கிய பழைய சொற்களுக்குத் தெலுங்கில் ஏ வரும். யானைக்கு அங்கே ஏனுகு, யாற்றுக்கு ஏறு, யாண்டுக்கு ஏடு. சரி, ஆளுவதற்குத் தெலுங்கில் என்ன? ஏலு. ஆள்பவருக்கு ஏலிக. அப்படியென்றால் ஆளுதல் என்ற வினையும் மிகப் பழைய காலத்தில் 'யாள்' என்று இருந்திருக்க வேண்டும், தமிழில் எழுத்து நமக்குக் கிடைக்கும் காலத்துக்கு முன்பே அந்த யகரம் உதிர்ந்திருக்க வேண்டும். இதனால்தான் மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, மனிதன், வேலைக்காரன் என்ற பொருளுள்ள 'ஆள்' பெயரை ஒரு பதிவாகவும், ஆட்சி செய்வதான 'ஆள்' வினையைத் தொலைவில் வேறொரு பதிவாகவும் வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி இவை இரண்டும் உடன்பிறப்புகள் அல்ல. வேறு வேறு வீட்டில் பிறந்து, ஒலிமாற்றத்தால் ஒரே முகம் பெற்றவை.

இதைப் படிக்கும்போது எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அரசனுக்கும் அடிமைக்கும் ஒரே வேர் என்று சொல்வதில் இருக்கும் கவர்ச்சி போய்விடுகிறதே. அப்புறம் யோசித்தால், கதை இதனால் இன்னும் சுவையாகத்தான் ஆகிறது. பிறப்பில் தொடர்பில்லாத இரண்டு சொற்களை மொழி ஒன்றாகப் போட்டு, குழப்பம் வருகிறது என்று ஒன்றைக் கைவிடாமல், ஆயிரத்து ஐநூறு வருடத்துக்கும் மேலாக இரண்டையும் சேர்த்தே வைத்து விளையாடியிருக்கிறது. கன்னடத்திலும் இதேதான்: ஆளு என்றால் ஆட்சி செய், ஆளு என்றால் வேலையாள். 'ஆளாய் உழை, அரசனாய் உண்' என்று அங்கே ஒரு பழமொழி உண்டு.

விளையாட்டு உச்சத்துக்குப் போனது ஒரு வழக்கில். பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்ற பகுதி. தலைப்பிலேயே ஆள் இருக்கிறது. சுந்தரருக்குப் புத்தூரில் திருமணம். மணவறைக்கு ஒரு கிழ அந்தணர் வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது என்கிறார். ஆளோலை என்றால் அடிமைப் பத்திரம். நானும் என் வழிவருபவர்களும் இவருக்கு வழித்தொண்டு செய்வோம் என்று எழுதிக்கொடுப்பது. அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவதா, நீ என்ன பித்தனா என்று கேட்ட சுந்தரர், ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது.

சபையார் கிழவரிடம் கேட்கும் சான்றுகள் மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. இதில் ஏதாவது ஒன்றைக் காட்டு என்கிறார்கள். ஆவணம் என்றால் பத்திரம், அயலார் காட்சி என்றால் மூன்றாம் மனிதர் சாட்சி, இவை புரிகின்றன. 'ஆட்சி' எப்படி ஒரு சான்றாகும்? இங்கே அது அரசாட்சி இல்லை. அனுபோகம். இந்தப் பொருள், இந்த மனிதன், இவ்வளவு காலம் என் பயன்பாட்டில் இருந்து வந்திருக்கிறது என்று காட்டுவது. இன்று நிலவழக்குகளில் சுவாதீனம், அனுபவ பாத்தியம் என்று வழக்கறிஞர்கள் சொல்வதற்குச் சேக்கிழார் காலத்துத் தமிழில் ஆட்சி என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லைக் கேட்டவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது சிம்மாசனம்தானா என்பது சந்தேகம்தான். யார் கையில் இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார் என்பதுதான் அங்கே கேள்வி.

வழக்கில் சுந்தரர் தோற்கிறார். ஓலையில் இருப்பது பாட்டன் கையெழுத்துத்தான் என்று சபை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. கிழவர் சிவனேதான் என்பதும் பிறகு தெரிகிறது. உடனே சுந்தரர் பாடிய முதல் பதிகம்தான் 'பித்தா பிறைசூடி'. எல்லோருக்கும் தெரிந்த அந்த முதல் பாட்டை ஆள் என்ற சொல்லுக்காக மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். முதல் வரியில் 'அருளாளா' என்று சிவனை விளிக்கிறார். அருளை ஆள்பவனே என்று பொருள். கடைசி வரியில் 'உனக்கு ஆளாய் இனி அல்லேன் எனலாமே' என்கிறார். உனக்கு அடிமையாக இருந்துவிட்டு, இல்லை என்று இனிச் சொல்ல முடியுமா என்று பொருள். நான்கே வரியில், தொடக்கத்தில் நிற்கும் ஆள் எஜமானுடையது, முடிவில் நிற்கும் ஆள் அடிமையினுடையது. தற்செயலாக விழுந்தது என்று என்னால் நம்பமுடியவில்லை.

சுந்தரருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் அப்பர் இதே சொல்லை வேறு விதமாகச் சுழற்றியிருக்கிறார். பல்லவ அரசன் ஆளனுப்பி அழைத்தபோது வரமாட்டேன் என்று சொன்ன பாடல் என்று மரபு சொல்கிறது: 'நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்'. இந்த முதல் வரி மேடைதோறும் முழங்கும். ஆனால் அதே பாடலின் கடைசிப் பகுதியை மேடைகள் விட்டுவிடும். அங்கே, சங்கரனுக்கு 'நாமென்றும் மீளா ஆளாய்' ஆகிவிட்டோம் என்கிறார். மீளா ஆள் என்றால் மீட்கவே முடியாத அடிமை. ஆகவே யாருக்கும் குடி இல்லை என்பது சுதந்திரப் பிரகடனம் மட்டும் இல்லை. ஏற்கெனவே ஓரிடத்தில் ஆளாகிவிட்டேன், இரண்டாவது எஜமானுக்கு இடமில்லை என்கிற வாதம். இதை ஒரு வழக்கறிஞரின் வாதமாகவே படிக்கலாம்.

ஆண்டாளை எடுத்துக்கொள்வோம். பெயருக்குப் பொருள் ஆண்டவள். இறைவனையே ஆண்டவள் என்று வைணவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். அவள் திருப்பாவையில் கேட்பதோ 'உனக்கே நாம் ஆட்செய்வோம்'. ஆட்செய்தல் என்றால் ஆளாக இருந்து பணிசெய்தல். பெயரில் ஆள்பவள், பாட்டில் ஆள். வைணவ ஆசாரியர் யாமுனாசாரியரின் இன்னொரு பெயர் ஆளவந்தார். வாதப்போரில் வென்ற சிறுவனைப் பார்த்து அரசி, எம்மை ஆளவந்தீரோ என்று வியந்ததால் வந்தது என்பது குருபரம்பரைக் கதை. சைவத்தில் சம்பந்தர் ஆளுடைய பிள்ளை, அப்பர் ஆளுடைய அரசு, சுந்தரர் ஆளுடைய நம்பி. நம்மை ஆளாக உடையவர் என்று பொருள். அடியார்களே அடுத்த தலைமுறை அடியார்களுக்கு எஜமானர் ஆகிவிடுகிறார்கள்.

ஆழ்வார் என்ற பெயரிலும் இந்தச் சொல் ஒளிந்திருக்கலாம். பக்தியில் ஆழ்ந்தவர் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை, தஞ்சைக் கல்வெட்டில் 'ஆழ்வார்' என்ற அடைமொழியோடு வருகிறார். இளவரசிக்கு அந்த இடத்தில் பொருந்துவது ஆழ்தல் இல்லை, ஆளுதல். ளகரமும் ழகரமும் இடம்மாறி, ஆள்வாரே ஆழ்வார் ஆகியிருக்கவேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது.

பக்தியில் இனிப்பாக இருந்த சொல் வயலில் இறங்கியதும் கசந்துவிட்டது. தஞ்சைப் பகுதியில் நிலக்கிழாரை உழைப்பவர்கள் கூப்பிட்ட சொல் ஆண்டை. ஆண்டை என்றால் ஆண்டவர்தான். அவருக்கு எதிரே கைகட்டி நின்றவர் பண்ணையாள். வரப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள் நின்றன. பெரியபுராணத்து ஆளோலை அந்தப் பண்ணையாளுக்குப் புராணம் இல்லை, வாழ்க்கை. பாட்டன் பட்ட கடனுக்குப் பேரன் உழைப்பது அங்கே புதுமையே இல்லை. அந்த உறவைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர முயன்றது 1952-ல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். ஆள் என்ற பழஞ்சொல் ஒரு நவீனச் சட்டத்தின் பெயருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தது, பாதுகாக்கப்பட வேண்டியவராக.

ஆளுவதை அதிகாரம் செலுத்துவது என்று மட்டும் புரிந்துகொண்டால் தமிழின் பாதிச் சொற்கள் விளங்காமல் போகும். 'கையாள்' என்று வினையாகச் சொன்னால் பயன்படுத்து. 'எடுத்தாள்' என்றால் இன்னொருவர் வரியை எடுத்துப் பயன்படுத்து. சொல்லாட்சி என்றால் சொற்களைப் பயன்படுத்தும் விதம். சொற்களின் மேல் அரசாட்சி என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. குறளிலும் இந்தப் பொருள் உண்டு. 'நன்மையும் தீமையும் நாடி நலம்புரிந்த தன்மையான் ஆளப் படும்' என்பது தெரிந்துவினையாடல் அதிகாரத்தின் முதல் குறள். நல்லதையும் கெட்டதையும் ஆராய்ந்து நல்லதைத் தேர்பவன் 'ஆளப்படுவான்', அதாவது வேலைக்கு வைத்துக்கொள்ளப்படுவான். இன்றைய அலுவலக மொழியில் சொன்னால் பணியமர்த்தப்படுவான். இங்கே ஆளப்படுவது இழிவு இல்லை, தகுதிக்குக் கிடைத்த இடம்.

மற்ற சொற்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அதிகாரம் வடமொழிச் சொல். ஒருவருக்கு உரிமையாகக் கொடுக்கப்பட்ட பொறுப்பு என்பது அதன் அடிப்படை. நூலில் ஒரு பொருளுக்கு ஒதுக்கிய பகுதியும் அதிகாரம்தான், குறளின் 133 அதிகாரங்கள் போல. ஆதிக்கமும் வடமொழிதான், அதன் முதற்பொருள் மிகுதி, அளவுக்கு மேல் இருப்பது. கட்டுப்பாடு என்பதில் கயிறு தெரிகிறது. ஆட்சியில் மட்டும்தான் கைவசமும் பயன்பாடும் தெரிகின்றன.

இப்போது அந்த ஆண்மைக்கு வருவோம். ஆண் + மை என்றாலும் ஆண்மை, ஆள் + மை என்றாலும் ஆண்மை. 'நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்' என்ற குறளில் இல்லாண்மையை மீசையோடு சேர்த்துப் படிக்கவே முடியாது. தான் பிறந்த குடியை ஆளும் தன்மை என்றுதான் பரிமேலழகரும் சொல்கிறார். தாளாண்மை என்றால் முயற்சி. வேளாண்மை குறளில் பிறர்க்கு உதவுதல். உழவு என்ற பொருளில் அது நிலைத்தது பிறகு. ஆனால் இரண்டு ஆண்மையும் ஒரே ஒலியில் இருந்ததால் நடந்தது என்னவென்றால், ஆளும் தன்மை எல்லாம் ஆணின் தன்மை என்று ஆகிவிட்டது. சேர்ந்துகொண்ட ஒலியில் அதிகாரம் ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்த கதை இது. பெண்கள் விடுதலை பெற ஆண்மை என்ற சொல்லே அழியவேண்டும் என்று பெரியார் எழுதியபோது, அவர் கை வைத்தது சரியான இடத்தில்தான். இலக்கணக்காரர்கள் ள் வேறு ண் வேறு என்று வாதாடலாம். தெருவில் அந்தச் சொல் அப்படிப் புழங்கவில்லை.

அரசு அலுவலகச் சொற்களில் ஒரு வேடிக்கை உண்டு. கலெக்டர் பதவியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1772-ல் உருவாக்கியது வரி வசூலிக்க; அந்த ஆங்கிலப் பெயருக்குப் பொருளே வசூலிப்பவர். தமிழில் அவர் ஆட்சித் தலைவர் ஆனார், பிறகு ஆட்சியர் ஆனார். மொழிபெயர்ப்பில் இப்படிப் பதவி உயர்வு கிடைத்தவர்கள் அதிகம் பேர் இல்லை. கவர்னருக்கு நேர்ந்தது வேறு. அந்தச் சொல்லின் மூலம் கிரேக்கத்தில் கப்பலைச் செலுத்துவது. தமிழில் ஓட்டுநர், இயக்குநர் வரிசையில் அவரை ஆளுநர் என்கிறோம், ஆனால் அரசியலமைப்பின் 163-வது பிரிவு, அவர் அமைச்சரவையின் உதவியோடும் ஆலோசனையோடும் செயல்படவேண்டும் என்கிறது. பெயரில் இருக்கும் ஆளுதல் எவ்வளவு தூரம் நிஜம் என்பதுதான் மாநிலங்களில் ஓயாத சண்டை.

பிறகு அந்த 'ஆளி', 'ஆளர்' கூட்டம். முதலாளி முதலை ஆள்பவர், தொழிலாளி தொழிலை ஆள்பவர். ஒட்டைப் பொறுத்தவரை இருவருக்கும் சம மரியாதைதான். எழுத்தாளர், பேச்சாளர், வாக்காளர் வரைக்கும் தடையில்லை. கடனாளியிடம் வந்தால் தடுக்கும். அவர் கடனை ஆள்கிறாரா? நோயாளி நோயை ஆள்கிறாரா? இங்கே ஆளுதல் தேய்ந்து 'உடையவர்' என்ற அளவுக்கு வந்துவிட்டது என்பதுதான் முறையான விளக்கம். ஆனால் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு, நோய்க்கு ஆளானவர் என்ற பழைய பெயர்ச்சொல்தான் அதில் ஒட்டியிருப்பதாகத் தோன்றினால் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

அண்மைக் காலத்தில் நாம் அதிகம் புழங்கும் சொல் ஆளுமை. ஆள் + மை என்பதைப் பழைய புணர்ச்சிப்படி எழுதினால் ஆண்மை என்றாகிவிடும். நடுவில் ஓர் உகரத்தைச் செருகியதால் தப்பித்தது. ஒருவரின் குணநலன்களின் மொத்தம் என்ற பொருளில் தொடங்கி, இன்று அந்த மனிதரையே குறிக்கிறது: 'தமிழின் முக்கிய இலக்கிய ஆளுமை மறைந்தார்'. அதே நாளிதழின் இன்னொரு பக்கத்தில், சான்றிதழ்களை இணையத்தில் தரும் அரசுத் திட்டத்துக்கு 'மின் ஆளுமை' என்று பெயர். அங்கே அது நிர்வாகம். ஒரு பக்கத்தில் ஆள் என்ற பெயர், இன்னொரு பக்கத்தில் ஆள் என்ற வினை. இருபதாம் நூற்றாண்டில் உட்கார்ந்து புதிதாகச் செய்த சொல்லிலும் அந்த இரண்டும் மறுபடி ஒன்றாகவே வந்து நிற்கின்றன, படிப்பவர்களும் குழம்பாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.